போர்க்களத்துக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி எப்படிப் போகிறது? ஆயுத அறையில் வேலை பார்த்தவன் பதில்

"போர் நடக்கும் நாடுகளில் கிளர்ச்சிக்காரர்கள் கையில் வெளிநாட்டு ஆயுதம் எப்படி வருகிறது, அதை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக்கடலில் படகு மாற்றுவது, நள்ளிரவில் பெட்டி இறக்குவது என்று சினிமாவில் பார்த்ததை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலான துப்பாக்கிகள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது முறையான லைசென்சோடு, அரசாங்க முத்திரையோடுதான் கிளம்புகின்றன. போய்ச் சேர்ந்த பிறகுதான் தடம் மாறுகின்றன.

நான் இந்திய ராணுவத்தில் கோத் என்.சி.ஓ.வாக (ஹவில்தார், நாயக் போன்ற பதவி) இருந்தவன். கோத் என்றால் பட்டாலியனின் ஆயுத அறை. எந்தத் துப்பாக்கி எந்த நம்பர், யார் கையில் இருக்கிறது, எப்போது திரும்பி வந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. ஐ.நா. அமைதிப் படைக்காகத் தெற்கு சூடான் போனபோது மலக்கால் முகாமிலும் அதே வேலைதான்.

2013 டிசம்பரில் அதிபர் சல்வா கீர் பக்கம் பாதி, முன்னாள் துணை அதிபர் ரிக் மச்சார் பக்கம் பாதி என்று அந்த நாட்டு ராணுவமே பிளந்துபோனது. அதே மாதம் 19ஆம் தேதி ஓர் ஆயுதக் கும்பல் அகோபோ ஐ.நா. முகாமைத் தாக்கி நம் வீரர்கள் இரண்டு பேரைக் கொன்றது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மலக்காலில் சண்டை மூண்டது. ஊர் ஜனம் ஆயிரக்கணக்கில் எங்கள் முகாமுக்குள் ஓடி வந்தது. சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் கூடவே வந்தார்கள். உள்ளே வர வேண்டுமானால் வாசலிலேயே ஆயுதத்தைக் கொடுத்துவிட வேண்டும். தார்ப்பாய் விரித்து அதன்மேல் வாங்கி வைத்தோம்.

அதில் ஒரு ஏ.கே. (ஏ.கே.-47 ரகத் துப்பாக்கி) இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டையில் சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றியிருந்தது. டீசல் துணியால் அழுக்கைத் துடைத்தால், இடது பக்கம் ஒரு சின்ன முக்கோணம், உள்ளே 66. ஏ.கே.யைப் பார்த்துச் சீனாவில் செய்த டைப் 56. அடுத்ததில் வட்டத்துக்குள் 10, அது பல்கேரியா. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் என்று உடனே எழுதிவிடக் கூடாது. ருமேனியாவும் கிட்டத்தட்ட அதே குறியைத்தான் போடும். அப்போது செலக்டர், அதாவது ஒவ்வொன்றாகச் சுடுவதா தொடர்ந்து சுடுவதா என்று மாற்றும் நெம்புகோல், அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். ரஷ்ய எழுத்தா, ஆங்கில எழுத்தா, சீன எழுத்தா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒன்றிரண்டில் நம்பரை அரத்தால் ராவியிருந்தார்கள். ராவிய இடத்தையும் அப்படியே படம் எடுத்து வைக்க வேண்டும். நம்பரை யாரோ மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பதே ஒரு தடயம்தான்.

துப்பாக்கியைவிட அதிகம் சொல்வது தோட்டா. இது பலருக்குத் தெரியாது. ஒரு ஏ.கே. நாற்பது வருஷம் உழைக்கும், பத்து கை மாறும். அது எப்போது அந்த நாட்டுக்குள் வந்தது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. தோட்டாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மேலே தொழிற்சாலை எண், கீழே வருஷம். கீழே 14 என்று இருந்தால் 2014க்கு முன்னால் அது அங்கே வந்திருக்க வழியே இல்லை. அதனால்தான் இந்த விஷயம் தெரிந்தவர்கள் சண்டை முடிந்த இடத்தில் முதலில் பொறுக்குவது காலித் தோட்டாவை. பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. லாட் நம்பர் (ஒரே தொகுதியாகச் செய்த சரக்கின் எண்), ஒப்பந்த நம்பர், சில சமயம் வாங்கியவர் பெயரே பெட்டியின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பதும் உண்டு.

சரி, குறி கிடைத்துவிட்டது. அப்புறம்? ஐ.நா. நியமித்த நிபுணர் குழு, ஆயுதத்தைத் தயாரித்த நாட்டுக்கு அந்தப் படங்களோடு கடிதம் எழுதும்: இந்த நம்பர், இந்த லாட், யாருக்கு விற்றீர்கள்? அந்த நாடு ஏற்றுமதி ஆவணத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் சங்கிலியின் அடுத்த கண்ணி கிடைக்கும். சொல்லாமலும் விடலாம், கட்டாயப்படுத்த முடியாது.

தெற்கு சூடான் விஷயத்தில் கிடைத்த பதிலைப் பாருங்கள். பிரிட்டனில் இருக்கும் கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற அமைப்பு 2018 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. பல்கேரியா, ருமேனியா, ஸ்லோவாக்கியா விற்ற சரக்கை முறைப்படி வாங்கியது உகாண்டா. சரக்கு எங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் என்று வாங்கும் நாடு எழுதித் தரும் இறுதிப் பயனாளர் சான்றிதழும் இருந்தது. அந்தச் சரக்குதான் எல்லை தாண்டித் தெற்கு சூடான் ராணுவத்துக்குப் போயிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டுக்கு ஆயுதம் விற்கத் தடை போட்டிருந்தது. தடையை மீறி ஐரோப்பாவில் யாரும் நேரடியாக விற்கவில்லை. நடுவில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

இதற்கும் முன்னால் 2008 செப்டம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஃபைனா என்ற உக்ரைன் கப்பலைப் பிடித்தார்கள். உள்ளே 33 டி-72 டாங்கிகள்! கென்யா, எங்களுக்காக வாங்கியது என்று சொன்னது. கப்பல் ஆவணத்தில் ஜி.ஓ.எஸ்.எஸ். என்று நாலு எழுத்து. தெற்கு சூடான் அரசைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுவார்கள். கொள்ளையர்கள் பணத்துக்காகப் பிடித்திருக்காவிட்டால் அந்தக் காகிதம் வெளியே வந்தே இருக்காது.

கிளர்ச்சிக்காரர்களுக்கு எப்படி என்றால், முதல் வழி ரொம்ப எளிது. ராணுவம் பிளந்தபோது சிப்பாய்கள் துப்பாக்கியோடு மச்சார் பக்கம் போனார்கள். பிறகு அரசுக் கிடங்குகளைப் பிடித்தார்கள். வடக்கே சூடானிலிருந்தும் ஆயுதம் வந்தது. ஆகவே அரசுக்கு விற்றதும் ஒருநாள் எதிரி கைக்குப் போகும் என்று தெரிந்தேதான் எல்லாரும் விற்கிறார்கள். உள்நாட்டுப் போர் தொடங்கி அரை வருஷம் கழித்து, 2014இல், சீனா அந்த அரசுக்கு 100 டாங்கி எதிர்ப்பு ஏவுகணை லாஞ்சர்களையும் 9,000க்கு மேல் ரைஃபிள்களையும் அனுப்பியது. ஐ.நா. தடை வந்ததே 2018 ஜூலையில்தான். அதுவரை இந்த விற்பனை சட்டப்படி சரி. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

ஐ.நா.வே கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் கொடுத்தது என்று யாராவது வந்து எழுதுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சில் ரும்பெக்கில் ஐ.நா. கன்டெய்னர்களில் ஆயுதம் பிடிபட்டது உண்மை. அது கானா பட்டாலியனின் சொந்த ஆயுதம். பொதுச் சரக்கு என்று தப்பாக லேபிள் ஒட்டியது பெரிய தவறு, மறுக்கவில்லை. அதற்காக வாசலில் நின்று ஜனத்தைக் காப்பாற்றியவர்களை ஆயுத வியாபாரி என்று சொல்லாதீர்கள். நம் நாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று மார்தட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2016 பிப்ரவரியில் அதே கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் வெளியிட்ட இன்னொரு அறிக்கை, ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் வெடிகுண்டுகளுக்கான பொருள்களில் ஏழு இந்திய நிறுவனங்களின் டெட்டனேட்டரும் வெடித்திரியும் இருந்ததைக் காட்டியது. லெபனானுக்கும் துருக்கிக்கும் அரசு லைசென்சோடு சட்டப்படி ஏற்றுமதியானவை. நான் ராணுவ ரகசியம் எதையும் இங்கே எழுதவில்லை, மேலே சொன்ன நாட்டு விவரம் எல்லாம் அச்சில் வெளிவந்ததுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது நான் ஒரு வங்கியில் கன்மேன். சொந்த லைசென்சில் ஒரு 12 போர் இரட்டைக்குழல். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலருக்கு விலக்குக் கேட்டு மனு போட வழி இருக்கிறது, போட்டால் பதில் வருவதற்குள் தேர்தலே முடிந்துவிடுகிறது. துப்பாக்கி இல்லாத நாட்களுக்கு ஏஜென்சி சம்பளம் தராது. ஒரு பழைய 12 போருக்கு ரசீது, பதிவேடு, முத்திரை என்று இவ்வளவு கணக்கு கேட்க முடிகிற அரசாங்கங்களுக்கு, கப்பல் கப்பலாக விற்ற ரைஃபிள் இப்போது எங்கே இருக்கிறது என்று வாங்கிய நாட்டுக்குள் போய் ஒருமுறை எண்ணிப் பார்க்க முடியாதா?

தம்பி, இதைப் பற்றி மேலும் படிக்க நினைத்தால் தெற்கு சூடான் பற்றிய ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைகளைத் தேடுங்கள். நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். துப்பாக்கிக் குறி, பெட்டி லேபிள், சான்றிதழ் நகல் என்று நான் சொன்னவற்றின் படமெல்லாம் அங்கேதான் இருக்கும்.