ஒரு விரற்கடை அரிசி: கடலுணவு பயேயா பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்பெயின் நாட்டுக் கடலுணவுச் சோறான பயேயாவை வீட்டில் செய்து பார்த்தவர்களும் செய்யப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே சந்தேகம் பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கே: பாயெல்லா என்பதா, பயேயா என்பதா? அசல் பயேயாவில் கடல் சாமான் எதுவுமே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் இறால் போட்டுச் செய்வது போலியா?

ப: ஸ்பானிஷில் இரட்டை ‘எல்’ எழுத்துக்கு ‘ய’ ஓசை. அதனால் பயேயா என்பதே நெருக்கம். வலென்சிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வாணலி என்றுதான் பொருள். பாத்திரத்தின் பெயர் சோற்றுக்கு ஒட்டிக்கொண்டது.

வலென்சியா நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றிய வயல்காட்டில் உருவான ‘பயேயா வலென்சியானா’வில் கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை பீன்ஸ், தக்காளி ஆகியவை சேரும். சிலர் நத்தையும் சேர்ப்பார்கள். கடல் சாமான் கிடையாது என்பது இந்த வகைக்கு மட்டும் பொருந்தும். கரையோரத்தில் செய்யும் ‘பயேயா தெ மாரிஸ்கோ’ தனி வகை, போலி அல்ல. 2021-ல் வலென்சிய மாநில அரசு பயேயாவைப் பண்பாட்டு மரபுச் சொத்தாக அறிவித்தது.

எந்த வகையானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: இது அரிசிப் பதார்த்தம். இறாலும் கணவாயும் தங்கள் சுவையை அரிசிக்குக் கொடுக்க வந்தவை. மேலே குவிந்திருக்கும் இறாலைப் பார்த்து நல்ல பயேயா என்று சொல்லிவிட முடியாது. வெறும் சோற்றை ஒரு கரண்டி எடுத்துத் தின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கே: அதற்கென்றே உள்ள சட்டி இல்லாமல் முடியாதா? என்னிடம் ஆழமான பாத்திரம்தான் இருக்கிறது.

ப: ஆழமான பாத்திரம் மட்டும் வேண்டாம். பயேயாவில் அரிசி ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒன்றரை சென்டிமீட்டர் என்பதே அதிகம். அகலமான சட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், சாறு சுண்டி அரிசியில் ஏறும், ஒவ்வொரு பருக்கையும் அடித்தட்டின் சூட்டுக்கு அருகிலேயே இருக்கும். அதே அரிசியை ஆழமான பாத்திரத்தில் போட்டால் ஒன்றையொன்று அழுத்தி, ஆவியில் வெந்து குழையும்.

இரண்டு பேருக்கு 30 செ.மீ., நான்கு பேருக்கு 40 செ.மீ., ஆறு பேருக்கு 46 செ.மீ. விட்டமுள்ள சட்டி சரி. ஆளுக்கு 100 கிராம் அரிசி. பயேயா சட்டி கிடைக்காவிட்டால் அகலமான, தட்டையான ஃபிரையிங் பான் போதும்.

கே: பாஸ்மதியில் செய்தேன், சுவையே ஏறவில்லை. எந்த அரிசி வாங்குவது?

ப: பாஸ்மதி நீளமானது, உதிரியாக நிற்பதற்கென்றே ஆனது, இவ்வளவு சாற்றை வாங்கிக்கொள்ளாது. பயேயாவுக்குக் குட்டையான, உருண்டை அரிசி வேண்டும். வலென்சியாவில் போம்பா, செனியா, அல்புஃபேரா என்று வகைகள் உண்டு. போம்பா தன் அளவைப் போல மூன்று மடங்கு சாற்றைக் குடித்தாலும் வெடிக்காது. ஓரிரு நிமிடம் தவறினாலும் மன்னிக்கும், அதனால் புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே நல்லது. செனியா சாற்றின் சுவையை இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் பதம் தவறினால் உடனே குழைந்துவிடும். அதற்கு இரண்டரை மடங்கு சாறு போதும். இரண்டும் கிடைக்காவிட்டால் ஜப்பானியக் குட்டை அரிசியைச் செனியா கணக்கில் பயன்படுத்துங்கள். இத்தாலிய ஆர்போரியோவும் ஆகும், ஆனால் கிளறினால் கூழாகிவிடும்.

எந்த அரிசியானாலும் கழுவ வேண்டாம். ஈரமான அரிசி எண்ணெயில் வறுபடாது.

கே: மீன் சாறு கசந்துவிட்டது. எங்கே தவறு?

ப: இரண்டு இடத்தில் தவறியிருக்கலாம். இறால் தலைகளைக் கருக வறுத்திருப்பீர்கள், அல்லது மீன் முள்ளை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டிருப்பீர்கள். ஆட்டெலும்பு போல மீன் முள் நேரம் கேட்காது. அரை மணிக்கு மேல் போனால் கசப்பும் கவிச்சியும் இறங்கும்.

நான்கு பேருக்கு ஒன்றரை லிட்டர் சாறு வேண்டும். அரைக் கிலோ இறாலின் தலையையும் ஓட்டையும் இரண்டு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் மிதமான தீயில் வதக்குங்கள். ஓடு சிவந்து, எண்ணெய் ஆரஞ்சு நிறமாகி, வறுத்த வாசனை வந்ததும் தலைகளைக் கரண்டியால் நன்றாக நசுக்குங்கள். தலைக்குள் இருக்கும் அந்தச் சிவப்புக் கொழுப்பில்தான் பாதிச் சுவை இருக்கிறது. ஒரு தக்காளி, இரண்டு பல் பூண்டு போட்டு வதக்கி, அரைக் கிலோ வெள்ளை மீன் முள், தலை சேருங்கள். செவுளை நீக்கிவிட வேண்டும். கசப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றேமுக்கால் லிட்டர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, நுரையை எடுத்துவிட்டு, 25 நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள்.

உப்பு இப்போதே சரி பார்க்கவும். குடித்தால் ‘கொஞ்சம் கரிக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். அரிசி உப்பை இழுத்துக்கொள்ளும். பிறகு மேலே தூவினால் உள்ளே ஏறாது.

கே: நான்கு பேருக்கு முழுச் செய்முறையை நிமிடக் கணக்கோடு தர முடியுமா?

ப: தேவையானவை: போம்பா அரிசி 400 கிராம், சூடான சாறு ஒன்றரை லிட்டர், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, தலையோடு பெரிய இறால் 8, இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டிய கணவாய் 300 கிராம், கறுப்புச் சிப்பி 12, பழுத்த தக்காளி 2, பூண்டு 3 பல், காரமில்லாத பாப்ரிகா தூள் ஒரு டீஸ்பூன், குங்குமப்பூ 0.1 கிராம்.

தட்டினாலும் மூடாத சிப்பி, ஓடு உடைந்த சிப்பி இரண்டையும் முதலிலேயே எறிந்துவிடுங்கள். மற்றதை மூடிய பாத்திரத்தில் ஆவியில் திறக்கவிட்டு, உள்ளே ஊறிய நீரை வடிகட்டிச் சாற்றோடு சேருங்கள். அது உப்பாக இருக்கும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத சிப்பி வேண்டாம்.

சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றியதும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டி மட்டமாக இல்லை. இப்போது சரி செய்யாவிட்டால் ஒரு பக்கம் அரிசி வேகாது, மறுபக்கம் கூழாகும்.

இறாலைப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில், துணியால் ஒற்றி உலர்த்திய கணவாய். நீர் விடும், வெடிக்கும். அது வற்றிப் பொன்னிறமாகும் வரை பொறுங்கள். பிறகு பூண்டு அரை நிமிடம், அதன்மேல் பாப்ரிகா. பாப்ரிகா போட்ட பத்து விநாடிக்குள் துருவிய தக்காளியைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தூள் கருகி முழுச் சட்டியும் கசக்கும். தக்காளியின் தோலைத் துருவியிலேயே விட்டுவிடுங்கள். பத்து நிமிடமாவது வதக்கி, நிறம் கறுத்து, எண்ணெய் பிரிந்து, ஜாம் போல ஆக வேண்டும். சொஃப்ரீத்தோ என்பது இதுதான். அவசரப்பட்டால் பச்சைத் தக்காளிப் புளிப்பு கடைசிவரை நிற்கும்.

அரிசியைக் கொட்டி இரண்டு நிமிடம் புரட்டுங்கள். ஓரம் கண்ணாடி போலத் தெரியும். குங்குமப்பூ கரைத்த சாற்றைக் கொதிக்கக் கொதிக்க 1.2 லிட்டர் ஊற்றி, அரிசியை ஒரே சீராகப் பரப்புங்கள். கரண்டிக்கு இதோடு வேலை முடிந்தது. முதல் 8 நிமிடம் பெரிய தீ. அரிசி தண்ணீருக்கு மேலே தலைகாட்டத் தொடங்கியதும் தீயைக் குறைத்து இன்னும் 9 நிமிடம். கடைசி 4 நிமிடம் இருக்கும்போது இறாலையும் சிப்பியையும் மேலே அடுக்குங்கள். மீதிச் சாறு கையில் இருக்கட்டும். 14-வது நிமிடத்தில் ஒரு பருக்கையைக் கடித்துப் பார்த்து, காய்ந்தும் விதை கெட்டியாகவும் இருந்தால் மட்டும் அங்கங்கே தெளியுங்கள். முடிவில் ஒரு நிமிடம் பெரிய தீ, பிறகு இறக்கி, துணியால் லேசாக மூடி 5 நிமிடம்.

கே: நடுவில் தீய்ந்துவிட்டது, ஓரத்தில் அரிசி விதை விதையாக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் இதே கதை.

ப: எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இது. செய்முறையில் குற்றமில்லை, அடுப்பில்தான். வீட்டு கேஸ் பர்னரின் தீ வளையம் சிறியது. அதன்மேல் 40 செ.மீ. சட்டியை வைத்தால் நடுவட்டம் மட்டுமே கொதிக்கும். ஸ்பெயினில் சட்டி அளவுக்கே வளையம் வளையமாகத் தீ வரும் தனி பர்னரை முக்காலியில் வைத்துச் செய்வார்கள். தோட்டத்தில் என்றால் ஆரஞ்சு மர விறகு.

உங்களுக்கு மூன்று வழி உண்டு. சட்டியை இரண்டு பர்னர்களுக்கு நடுவே வைத்து, இரண்டு நிமிடத்துக்கொரு முறை கால் வட்டம் திருப்புங்கள். அல்லது முதல் 8 நிமிடம் அடுப்பில் வைத்துவிட்டு, 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 10 நிமிடம் வையுங்கள், சூடு எல்லாப் பக்கமும் சமமாகும். எங்களுக்குப் பிடித்தது மூன்றாவது வழி: நான்கு பேருக்கு 30 செ.மீ. சட்டி இரண்டு. 30 செ.மீ. சட்டியின் பரப்பு 40 செ.மீ. சட்டியில் பாதியைவிடச் சற்றே அதிகம், ஆகவே 200 கிராம் அரிசி கச்சிதமாகப் பரவும்.

ஓரம் வேகவில்லை என்று பாதியில் கிளறிவிடாதீர்கள். கிளறினால் பருக்கைகள் உரசி மாவு வெளியேறி, சாறு கெட்டியாகி, அடி இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஈரத்துணி அல்லது அலுமினியத் தாளால் மூடி ஆவியில் விடுங்கள். ஓரம் தானே வெந்துவிடும்.

கே: சொக்கராட் என்கிறார்களே, அது அடிப்பிடித்த காந்தல்தானே?

ப: காந்தல்தான், ஆனால் கருகிய காந்தல் அல்ல. அடியில் பொன் பழுப்பாக, முறுகலாக, சாற்றின் சுவை முழுவதும் இறுகிப் படிந்த ஒரு மெல்லிய ஏடு. சட்டியில் கரண்டி தேயும்வரை எல்லாரும் சுரண்டித் தின்பது இதைத்தான்.

இதற்குக் கண் உதவாது, காதும் மூக்கும்தான். சாறு இருக்கும்வரை ‘குபுகுபு’ சத்தம். சாறு வற்றியதும் அது அடங்கி, எண்ணெயில் அரிசி பொரியும் ‘படபட’ சத்தம் மெல்லக் கேட்கும். அப்போது தீயைக் கூட்டி, சட்டியைத் திருப்பித் திருப்பி ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. வறுத்த வாசனை வரும்போதே அணைத்துவிடுங்கள். அந்த வாசனையில் கசப்பு ஏறிவிட்டால் தாமதமாகிவிட்டது. கரண்டி முனையால் அடியைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு எதிர்க்க வேண்டும். நான்ஸ்டிக் பானில் இது சரியாக வராது.

கே: இறால் ரப்பர் மாதிரி ஆகிறது.

ப: அரிசியோடு 18 நிமிடம் வெந்தால் வேறென்ன ஆகும்? சுவை கொடுக்க வேண்டியது தலையும் ஓடும். அந்த வேலை சாற்றிலேயே முடிந்துவிட்டது. சதை கடைசி 4 நிமிடத்துக்கு மட்டும்.

கே: குங்குமப்பூ போட்டும் மஞ்சள் நிறம் வெளிறிக் கிடக்கிறது.

ப: இழைகளை அப்படியே தூவியிருப்பீர்கள். தாளில் மடித்து, சூடான மூடியின் மேல் ஒரு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பாகிவிடும். நுணுக்கிச் சூடான சாற்றில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஆனால் உணவகப் படங்களில் பளிச்சென்று தெரியும் மஞ்சளை எதிர்பார்க்காதீர்கள். ஸ்பெயினிலேயே பல வீடுகளில் ‘கொலோராந்தே’ என்ற சாயப்பொடியைச் சேர்க்கிறார்கள். உண்மையான குங்குமப்பூவும் தக்காளியும் பாப்ரிகாவும் சேர்ந்தால் வருவது பழுப்பு கலந்த பொன்னிறம்.

கே: சோரிசோ (ஸ்பானிஷ் பன்றித் தொத்திறைச்சி), பட்டாணி, வெங்காயம், எலுமிச்சை சேர்க்கலாமா?

ப: சோரிசோ வேண்டாம், அதன் புகை வாடையும் கொழுப்பும் கடல் வாசனையை மூழ்கடித்துவிடும். வெங்காயம் நீர் விட்டு அரிசியைக் குழைக்கும் என்று வலென்சியாவில் பலர் தவிர்ப்பார்கள், நாங்களும் அப்படியே. பட்டாணி தவறில்லை, பயனும் இல்லை. எலுமிச்சைத் துண்டைப் பக்கத்தில் வையுங்கள், வேண்டியவர் பிழியட்டும்.

கே: புதுச் சட்டி ஒரே நாளில் துருப்பிடித்துவிட்டது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. வழக்கமான பயேயா சட்டி பாலிஷ் செய்த சாதாரண எஃகு; ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துருவை நாரால் தேய்த்து எடுத்து, தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் ஊறவைத்துக் கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, சூடு இருக்கும்போதே இருபுறமும் எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வையுங்கள்.