ஸ்டென்ட் வைத்த குழாய் மறுபடி அடைக்காமல் இருக்க மரபணு சிகிச்சை உண்டா?

அப்பாவுக்கு மதுரையில் ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறோம், மரபணு சிகிச்சை செய்தால் மறுபடி அடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு அது நடைமுறையில் இல்லை.

ஸ்டென்ட் வைக்க, அடைப்புள்ள இடத்தில் சிறு பலூனை விரிக்கும்போது குழாயின் உள்சுவர் காயப்படுகிறது. ஆற்ற வரும் தசைச் செல்கள் அளவுமீறிப் பெருகி, தழும்பு போலத் தடித்து வழியைக் குறுக்குகின்றன. அந்தப் பெருக்கத்தை முடுக்கும் புரதத்தை ஏமாற்றிப் பிடித்துக்கொள்ளும் டிஎன்ஏ துண்டுதான், மரபணு சிகிச்சையாக முயன்றுபார்த்த எடிஃபோலிகைடு. இதே போலத் தடிக்கக்கூடிய, பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுத்த குழாயை அந்தக் கரைசலில் நனைத்துப் பொருத்தி, சுமார் 3,000 பேரிடம் சோதித்தார்கள். 2005-இல் வந்த முடிவு: பலனில்லை. படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இப்போது ஸ்டென்ட்டில் பூசிய சிரோலிமஸ் போன்ற மருந்தே அந்தப் பெருக்கத்தைப் பெருமளவு தடுக்கிறது. அப்புறம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. எங்கள் அம்மா மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதும் அதை முந்தானையில் முடிந்துகொள்வார். டாக்டரைக் கேட்காமல் அப்பா அதை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.