கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தபின் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்வது நல்லதா, பிரிட்ஜ் போதுமா?

பிரிட்ஜ் என்பது இடைவெளியின் இருபுறப் பற்களையும் தாங்கலாகக் கொண்டு நிற்கும் செயற்கைப் பல்; இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் திருகு போன்ற வேரும் அதன்மேல் வைக்கும் பல்லும். என் வாயில் இரண்டுமே இருக்கின்றன: மேல்தாடையில் பிரிட்ஜ், கீழ்த்தாடையில் இம்ப்ளாண்ட். நான் மருத்துவர் அல்லன். இரண்டையும் கொண்டு தினமும் மென்று உண்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களின் நிலையைப் பாருங்கள். பிரிட்ஜ் பொருத்த வேண்டுமானால் அந்தப் பற்களைச் சுற்றிலும் ராவி, அவற்றின்மேல் உறை மாட்ட வேண்டும். ராவிய எனாமல் மீண்டும் வளராது; அப்படி ராவிய பற்களில் சிலவற்றுக்குப் பின்னாளில் வேர்ச் சிகிச்சையும் தேவைப்படுவதுண்டு. எனக்கு மேல்தாடையில் இருபுறப் பற்களிலும் ஏற்கெனவே பெரிய அடைப்புகள் இருந்தன, எப்படியும் உறை போட வேண்டிய பற்கள் அவை; ஆகவே அங்கே பிரிட்ஜ் பொருத்தமாக அமைந்தது. கீழ்த்தாடையிலோ இருபுறமும் சொத்தையே இல்லாத பற்கள். அவற்றை ராவ மனம் வரவில்லை. மருத்துவரும் இம்ப்ளாண்ட்டையே பரிந்துரைத்தார்.

அடுத்தது எலும்பு. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவி கழற்ற முடியாதபடி எலும்போடு ஒன்றிவிட்டதை 1950களில் கண்டார். 1965இல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேரைப் பொருத்தினார். இன்றும் இம்ப்ளாண்ட் சிகிச்சையின் வெற்றி அந்த ஒன்றுதலையே நம்பியிருக்கிறது. அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். 'ஒரே நாளில் பல்' என்னும் விளம்பரங்கள் பெரும்பாலும் தற்காலிகப் பல்லைத்தான் சொல்கின்றன, அதுவும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. கீழ்த்தாடையில் நரம்பும் மேல்தாடையின் பின்பகுதியில் சைனஸ் என்னும் காற்றறையும் அருகிலேயே இருப்பதால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் அளந்த பிறகே முடிவெடுப்பது நல்லது.

புகைபிடிப்பவர், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர், ஈறு நோய்க்குச் சிகிச்சை பெறாதவர் ஆகியோருக்கு இம்ப்ளாண்ட் தோல்வியடையும் வாய்ப்பு கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்களும், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

வைத்த பிறகு எப்படி இருக்கும் என்பதைப் பலர் சொல்வதில்லை. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு. கடியின் அழுத்தத்தை நுட்பமாக உணர்த்துவது அதுதான். இம்ப்ளாண்ட்டுக்கு அது கிடையாது. பரிசோதனையின்போது மருத்துவர் கண்ணாடிக் கருவியின் காம்பால் தட்டினால், பக்கத்துப் பல் மந்தமாக ஒலிக்கும், இம்ப்ளாண்ட் கணீரென்று ஒலிக்கும். கடினமான பருப்பைக் கடிக்கும்போது இயற்கைப் பல் உடனே எச்சரிக்கிறது. இம்ப்ளாண்ட் அந்த அளவுக்கு எச்சரிப்பதில்லை. இரவில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்பில் இரண்டுக்குமே உழைப்பு உண்டு. பிரிட்ஜின் அடியில் நூலை நுழைத்துச் சுத்தம் செய்வது எரிச்சலூட்டும் வேலை. எனக்கு இடைப்பல் பிரஷ்ஷால் இம்ப்ளாண்ட்டைச் சுற்றித் துலக்குவது எளிது. ஆனால் அதில் சொத்தை வராது என்பதற்காக அலட்சியமாக இருந்தால், சுற்றியுள்ள ஈறு அழற்சியுற்று, எலும்பு கரைந்து, நல்ல திருகே ஆட்டம் காணலாம்.

இழந்தது வரிசையின் கடைசிப் பல் என்றால், எதுவும் வைக்காமல் விடுவதும் சிலருக்குச் சரியான முடிவே. எதிர்ப்பல் இறங்குகிறதா என்பதை மட்டும் கவனித்து வர வேண்டும்.

உங்கள் பல்லை இன்னும் எடுக்கவில்லை என்றால், வேர்ச் சிகிச்சையால் அதைக் காப்பாற்ற முடியுமா என்று இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால், குழியில் எலும்புத் தூள் வைப்பது உங்களுக்குப் பயன்படுமா என்பதை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏனெனில் பல் போன இடத்து எலும்பு முதல் சில மாதங்களில்தான் வேகமாகச் சுருங்குகிறது.