தண்ணி, இயற்கையை வச்சு ஒரு ஒர்கெஸ்ட்ரா டூர் போற வழியில கொழும்புலயும் ஒரு நாள் வாசிக்குதாம். மேற்கத்தேய சங்கீதம் ஒண்டுமே தெரியாத ஆள் போனா விளங்குமா?

போங்க. விளங்கும். ஆனா நீங்க எழுதியிருக்கிற மாதிரி எந்த இடத்துல அலை, எந்த இடத்துல மழை எண்டு கண்டுபிடிக்கோணும் எண்டு பயந்து கொண்டு போய் இருந்தீங்க எண்டா அது கொன்சர்ட் மாதிரி இருக்காது, ஓஎல் சோதனை மாதிரித்தான் இருக்கும்.

நான் ஆரெண்டு முதல்ல சொல்லுறன். அம்மா மட்டக்களப்பு, நான் பிறந்து வளந்தது வெள்ளவத்தை. பகல்ல கணக்கு எழுதுற வேலை, கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒரு அமெச்சூர் ஒர்கெஸ்ட்ராவுல ரெண்டாவது வயலின். ரெண்டாவது வயலின் எண்டா திறமை குறைஞ்ச ஆக்களை இருத்துற இடம் எண்டுதான் எங்கட சொந்தக்காரர் நினைச்சுக் கொண்டிருக்கிறாங்க, ஒரு கலியாண வீட்டுல மாமா ஒராள் "எப்ப தம்பி முதலாவதுக்கு ஏத்துவாங்க" எண்டு ப்ரமோஷன் மாதிரிக் கேட்டார். அதை ஏன் இங்க சொல்லுறன் எண்டா உங்கட கேள்விக்குப் பதிலே அந்த ரெண்டாவது வயலின்லதான் இருக்கு.

2018ல எங்கட குழுவும் இப்பிடித் தண்ணியை வச்சு ஒரு டூர் செஞ்சது. டூர் எண்டா பெருசா நினைக்காதீங்க, கொழும்பு, கண்டி, காலி, மூண்டு சனிக்கிழமை, ஒரு பஸ், டபுள் பேஸ் (ஆள் உயர வயலின் மாதிரி) ரெண்டும் பின் சீட்டுல வடிவாப் படுத்து வந்துச்சு, ஆக்கள் நிண்டு வந்தாங்க. அதுல பெரிய பீஸ் ஸ்மெட்டனா எண்ட செக் இசையமைப்பாளர்ட 'வல்டாவா'. செக் நாட்டு ஆறு ஒண்டுட பேர் அது, ஏறக்குறைய 430 கிலோமீட்டர், எங்கட மகாவலியை விட நீளம். ரெண்டு ஃப்ளூட் மாறி மாறிச் சுழண்டு கொண்டு தொடங்கும், அது ஒரு ஊத்து. பிறகு க்ளாரினெட் வந்து சேரும், அது மற்ற ஊத்து. இடைக்கிடை வயலின் நரம்பை விரலால தட்டிவிடுறதும் ஹார்ப்பும் சொட்டுச் சொட்டா விழும். எல்லாம் சேந்து ஆறாகி, ஒரு காட்டைத் தாண்டி, ஒரு கலியாண வீட்டைத் தாண்டி, நிலா வெளிச்சத்துல கொஞ்ச நேரம் நிண்டு, பாறையில விழுந்து, கடைசியா ப்ராக் நகரத்துக்குள்ள போகும். பன்னெண்டு பதின்மூண்டு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிரும்.

இதுல எல்லாருக்கும் தெரிஞ்சது வயலினும் ஒபோ எண்ட ஊதுகுழலும் சேந்து வாசிக்கிற அந்தப் பெரிய மெட்டு. அதை வாசிக்கிறது முதலாவது வயலின் ஆக்கள். அந்த நேரம் நாங்களும் வியோலாக்காரரும் (வியோலா எண்டா வயலினை விடக் கொஞ்சம் பெருசு) கீழ இருந்து நிக்காம ஆறாறு நோட்டா ஓடிக் கொண்டிருப்பம், ஒரு தரமும் மூச்சு விட ஏலாது, ஆரும் எங்களைப் பாக்கிறதும் இல்ல. ரிஹர்சல்ல ஒர்கெஸ்ட்ராவை நடத்துற எங்கட கொண்டக்டர் சேர் கையைத் தூக்கி நிப்பாட்டிட்டுச் சொன்னார், "நீங்க ஆறு வாசிக்கல்ல, ஜூக்கித் தையல் மெசின் ஓட்டுறீங்க." ஒவ்வொரு ஆறு நோட்டுலயும் முதல் நோட்ல நாங்க ஒரு குத்துக் குத்தினம், அதுதான் பிழை. போய் ஓடுற தண்ணியைப் பாத்திட்டு வாங்க எண்டு அனுப்பிட்டார்.

வெள்ளவத்தையில ஓடுற தண்ணி எண்டா கால்வாய்தான். நானும் எனக்குப் பக்கத்துல ஒரே ஸ்டாண்ட்ல வாசிக்கிற அக்காவும் போய் மூக்கைப் பொத்திக் கொண்டு கால் மணித்தியாலம் நிண்டம். ஒண்டும் ஓடல்ல. ஒரு கபரகொய்யா மட்டும் ஆறுதலா நீந்திப் போச்சு. அக்கா "நாங்க இதைத்தான் வாசிச்சுக் கொண்டிருக்கிறம் போல" எண்டா. அடுத்த ஞாயிறு, நல்ல மழைக்குப் பிறகு, களனிப் பாலத்துக்குப் போனம். மண்ணிறத் தண்ணி, பாத்தா சும்மா ஒரு மண் பாய் விரிச்ச மாதிரி, ஓடுதா நிக்குதா எண்டே சொல்ல ஏலாது. அப்ப மேல இருந்து ஒரு வாழைக்குத்தி மிதந்து வந்து கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பாலத்துக்குக் கீழால போயிட்டுது. அப்பதான் அந்தத் தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதெண்டு விளங்கிச்சு.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. நீங்க கேக்கப் போற அந்தப் பெரிய மெட்டு வாழைக்குத்தி. தண்ணி அதுக்குக் கீழ இருக்கு, ரெண்டாவது வயலின்லயும் வியோலாவுலயும். மெட்டையே பிடிச்சுக் கொண்டிருந்தா "நல்ல பாட்டு" எண்டு சொல்லிட்டு வீட்ட வருவீங்க, ஒரு பத்து நிமிஷம் கீழ ஓடுறதைக் கேட்டுப் பாத்தீங்க எண்டா அது தானா இழுத்துக் கொண்டு போகும், படம் ஒண்டும் மனசுல வரவேண்டிய அவசியமே இல்ல.

இன்னொரு விஷயம், இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஸ்மெட்டனாவுக்கு 1874 ஒக்டோபர்ல ரெண்டு காதும் போயிட்டுது. இந்த பீஸை எழுதினது அதே வருசம் நவம்பர் கடைசியில தொடங்கி டிசம்பர் 8க்குள்ள. மூண்டு கிழமை கூட இல்ல. காது கேக்காத மனுசன் ரெண்டு ஃப்ளூட்டை வச்சு ஊத்துத் தண்ணியை எழுதியிருக்கார், நாங்க காது நல்லா இருந்தும் ஜூக்கி மெசின் ஓட்டினம்.

பேத்தோவன்ட ஆறாவது சிம்பனி, 'பாஸ்டரல்' எண்டு சொல்லுறது, உங்கட டூர்ல இருந்தா அதிர்ஷ்டம். 1808 டிசம்பர் 22, வியன்னாவுல முதல் தரம் வாசிச்சது, அண்டைக்கே அஞ்சாவதும் முதல் தரம், நாலு மணித்தியாலக் கச்சேரி, குளிர் ஹோல், பாவம் சனம். அதுல ரெண்டாவது பகுதி ஒரு ஓடைக்கரை. அங்கயும் ரெண்டாவது வயலின், வியோலா, அதோட சத்தத்தை அமத்தி வாசிக்கிற ரெண்டு தனிச் செலோ (காலுக்கு நடுவுல வச்சு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி), இவங்கதான் ஓடை. அந்த மனுசன் சில வருசம் முந்தியே தன்ட நோட்டுப் புத்தகத்துல ஒரு ஓடைட சத்தத்தைக் குறிச்சு, ஓடை பெருசாக பெருசாக சுருதி கீழ இறங்குது எண்டு எழுதி வச்சிருக்கார். பகுதி முடியிற இடத்துல ஃப்ளூட், ஒபோ, க்ளாரினெட் மூண்டும் மூண்டு குருவியாக் கூவும், அது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நாலாவது பகுதி புயல். டிம்பனி எண்ட பெரிய மேளம் வாசிக்கிற ஆள் அது வரைக்கும் கையைக் கட்டிக் கொண்டு சும்மா இருப்பார், முழு சிம்பனியிலயும் அவருக்கு வேலை அந்தப் புயல்ல மட்டும்தான். புயல்ல அடியில ஒரு உறுமல் கேக்கும் பாருங்க, செலோக்காரர் அஞ்சஞ்சு நோட்டா ஓட டபுள் பேஸ்காரர் அதே நேரத்துக்குள்ள நாலுநாலு நோட்டா ஓடுவாங்க, ரெண்டும் ஒண்டோடொண்டு பொருந்தாது. வேணுமெண்டேதான் அப்பிடி எழுதியிருக்கு. பொருந்தாததாலதான் அது உறுமுது.

ஹெண்டல்ட 'வோட்டர் மியூசிக்' இருந்தா அதுல தண்ணியைத் தேடாதீங்க, பேர்லதான் தண்ணி. 1717 ஜூலை 17 ஜோர்ஜ் அரசர் தேம்ஸ் ஆத்துல படகுல போகேக்க, பக்கத்துப் படகுல ஒரு அம்பது பேர் இருந்து வாசிச்சது. அரசருக்குப் பிடிச்சுப் போய் மூண்டு தரம் வாசிக்க வச்சிருக்கார், அந்த அம்பது பேர்ட கையை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. வெளியில கேக்கோணும் எண்டதால ஹோர்னும் ட்ரம்பெட்டும் நல்லா முன்னுக்கு நிக்கும். சும்மா சந்தோஷமாக் கேளுங்க.

டெபுசிட 'லா மேர்', 1905, கடலைப் பத்தினது, பெரிய ஒர்கெஸ்ட்ராக்கள் தண்ணி எண்டா இதை விடாது. நாங்க தொட்டும் பாக்கல்ல, எங்கட கைக்கு அடங்காது. இதுல பிடிச்சுக் கொள்ள வாழைக்குத்தி இல்ல, தண்ணி மட்டும்தான். ஒரு மெட்டு வாற மாதிரி இருக்கும், பிடிக்கப் போனா கரைஞ்சிரும். முதல் தரம் கேக்கிற ஆளுக்கு அஞ்சு நிமிஷத்துல கரைச்சலா இருக்கும், அதுல உங்கட பிழை ஒண்டும் இல்ல. டான் டுன் எண்ட சீனக்காரர் எழுதின 'வோட்டர் கொன்செர்டோ' எண்டும் ஒண்டு இருக்கு, பெரிய கிண்ணங்கள்ல உண்மையான தண்ணியை ஊத்தி மைக் வச்சு கையால அடிச்சு வாசிக்கிறது. ஜலதரங்கம் பாத்த எங்கட ஆக்களுக்கு இது பெரிய அதிசயமா இராது, ஆனா அது இருந்தா முன் வரிசை டிக்கட்டே எடுங்க.

எங்கட சங்கீதத்தோட ஒப்பிட்டா ஒரு வித்தியாசம் எனக்கு எப்பவும் படும். நான் சின்னதுல பழகினது கர்நாடக வயலின், நிலத்துல சப்பாணி கட்டி இருந்து. அமிர்தவர்ஷினி ராகம் பாடி எட்டயபுரத்துல முத்துசுவாமி தீட்சிதர் மழையை வர வச்சார் எண்டு சொல்லுவாங்க, நடந்துதோ இல்லையோ, அதுல மழையைத் தா எண்டு கேக்கிறம். இவங்க மழையைக் காட்டுறாங்க. ரெண்டும் வேற வேற குணம். (பழைய பழக்கத்துல நான் நோட்டுக்கு நோட்டு இழுத்து கமகம் மாதிரிப் போட்டு சேரிட்ட ரெண்டு வருசம் ஏச்சு வாங்கினது தனிக் கதை.)

இப்ப அம்மாட கதை. கொழும்புக் கொன்சர்ட்டுக்கு அம்மாவைக் கூட்டிக் கொண்டு போனன். ரெண்டாவதா வாசிச்சது மெண்டல்சன்ட 'ஹெப்ரிடீஸ்'. 1829ல ஸ்கொட்லாந்துத் தீவுப் பக்கம் போன இடத்துல அதிட முதல் வரி மனசுல வந்து, வீட்டுக்கு எழுதின கடிதத்துலயே நோட்ஸ் போட்டு அனுப்பினார், கப்பல்ல ஆளுக்கு நல்லா வயித்தைப் பிரட்டியிருக்கு. வியோலா, செலோ, பசூன் எல்லாம் கீழ ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும், மேல நாங்க நீட்டிப் பிடிச்சுக் கொண்டு நிப்பம், அலை வந்து வந்து போற மாதிரி இருக்கும், பிறகு பெருசாகும். அது பெருசாகிற இடத்துல நான் நிமிந்து பாத்தா அம்மாட சீட் வெறுமையா இருக்கு.

இடைவேளையில ஓடிப் போய்ப் பாத்தா வெளிய படியில இருக்கிறா, பக்கத்துல இருந்த அன்ரியிட்ட "உள்ளுக்கு ஏசி சரியான குளிர்" எண்டு சொல்லிக் கொண்டு. எனக்கு அப்பதான் உறைச்சுது. 2004 சுனாமியில பெரியம்மா மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடியிலதான் இருந்தவ. நான் ப்ரோக்ராம் ஷீட்டுல 'கடல்' எண்டு தமிழ்ல எழுதிக் குடுத்தே கூட்டிக் கொண்டு போயிருக்கிறன், ஒரு நிமிஷம் யோசிக்கல்ல. அண்டைக்கு இரவு த்ரீவீல்ல வரேக்க அம்மா தானாவே சொன்னா, "வாசிச்சது நல்லாத்தான் இருந்துது மகன். ஆனா அது திரும்பிக் கரைக்கு வந்த ஆள்ட கடல்." அதுக்குப் பிறகு அந்த பீஸை எனக்கு முந்தின மாதிரிக் கேக்க ஏலாது, கூடாத பீஸ் எண்டு சொல்ல வரல்ல, இண்டைக்கும் பிடிக்கும். தண்ணியை வச்சு எழுதின கனக்க பீஸ் தண்ணிக்கு வெளியில நிண்டு பாத்த ஆக்கள் எழுதினது எண்டது மட்டும் ஞாபகத்துல இருக்கும்.

அந்த வருசம் மட்டக்களப்புக்குப் போனப்ப அம்மா என்னைக் கல்லடிக்குக் கூட்டிக் கொண்டு போனா, வாவியில இரவு வள்ளத்துல. மீன்பாடும் தேன்நாடு எண்டு சின்னதுல இருந்து கேட்டிருக்கிறன், ஒரு நாளும் போய்க் கேக்கல்ல. 1848ல டெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி இதே வாவியில கேட்டுட்டு, வைன் கிளாஸ் விளிம்பை ஈர விரலால தேய்ச்சா வாற சத்தம் மாதிரி எண்டு எழுதி வச்சிருக்கார். (செங்-சான்ஸ் 1886ல எழுதின 'அக்வேரியம்' எண்ட சின்ன பீஸுக்கு ஈர விரலால தேய்ச்சு வாசிக்கிற கண்ணாடி வாத்தியத்தைத்தான் கேட்டிருக்கார், அவருக்கு எங்கட வாவி தெரிஞ்சிருக்க நியாயம் இல்ல.) வள்ளக்காரர் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வைக்கச் சொன்னார். முதல்ல பாலத்துல போற மோட்டர்சைக்கிள்தான் கேட்டுது. கொஞ்சம் பொறுத்து அடியில ஏதோ, மெட்டும் இல்ல தாளமும் இல்ல, கனக்கப் பேர் ஒண்டா மெதுவா இசை கூட்டிப் பாக்கிற மாதிரி. அம்மா "கேக்குதா" எண்டு கேட்டா. கேக்குது எண்டன். அவ துடுப்பை வாங்கி என்னை விடக் கனநேரம் வச்சுக் கொண்டிருந்தா.

சரி, டிக்கட் விஷயம். கொழும்புல லயனல் வெண்ட் ஹோல்லயோ நெலும் பொக்குண ஹோல்லயோ எங்க வச்சாலும் (நெலும் பொக்குண கட்டினதே பொலன்னறுவைத் தாமரைக் குளத்திட வடிவத்துல, தண்ணி டூருக்கு அதை விடப் பொருத்தமான இடம் இல்ல) விலை கூடின முன் சீட் தேவையில்ல, மேல இருந்து பாக்கிற இடம் கிடைச்சா எடுங்க, நடுவுல இருக்கிற ஆக்கள்ட வில் போறது தெரியும். போக முதல் வல்டாவாவை ரெண்டு தரம் போன்ல கேளுங்க, ஒருக்கா மெட்டுக்கு, ஒருக்கா கீழ ஓடுறதுக்கு. கை தட்டுறது பத்திக் கவலைப்படாதீங்க, பக்கத்து ஆள் தட்டினா தட்டுங்க. வாசிக்கிறவங்க இடையில நிப்பாட்டிச் சுருதி கூட்டினா சிரிக்காதீங்க, வெளியில இருக்கிற ஈரப்பதத்துல இருந்து உள்ளுக்கு ஏசிக்கு வந்தா மர ஆணி சுருங்கி நரம்பு வழுகும், கொழும்புல எங்கட தினசரித் தலையிடி அது. ஒரு ஸ்வெட்டரும் கொண்டு போங்க. அம்மா அண்டைக்குச் சொன்னது முழுக்கப் பொய் இல்ல, உள்ளுக்கு நல்ல குளிர்தான்.