கவலைக் காலத்தில் குடியும் கொண்டாட்டமும்: கேள்வி பதில்

மது மீட்பு சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: வேலை நிலைக்குமா என்றே தெரியவில்லை. இந்த நேரத்தில் பிறந்தநாள் விருந்து தேவையா?

பதில்: தேவைதான். நாலு பேர் கூடிச் சிரிக்க இதைவிட அவசியமான நேரம் எது? மது இருந்தால்தான் விருந்து என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். வேண்டாம் என்பவரை ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள்.

கேள்வி: இரண்டு பெக் போட்டால் உடனே தூக்கம் வருகிறது. ஆனால் 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துவிடுகிறேன். ஏன்?

பதில்: மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டும், தூண்டிவிடும் குளுட்டமேட்டை அடக்கும். மூளை சும்மா இருக்காது, சமன் செய்ய எதிர்ப்பக்கம் இழுக்கும். 30 மில்லி விஸ்கியில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால்; அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். ஆக, நடு இரவு தாண்டும்போது மது வடிந்துவிடும், மூளையின் இழுப்பு மட்டும் நிற்காது. அந்தப் படபடப்பை வேலைக் கவலை என்று நினைத்து மறுநாள் மூன்றாவது பெக் ஊற்றுகிறோம். இப்படித்தான் அளவு ஏறுகிறது. எங்களிடம் வரும் பலர் சொல்லும் கதை இதுதான்.

கேள்வி: அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லதாமே?

பதில்: அதற்காகக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. முக்கியக் காரணம் புற்றுநோய்.

கேள்வி: ஒரு வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கும் அண்ணன், நாளையோடு நிறுத்துகிறேன் என்கிறார். சந்தோஷப்படலாமா?

பதில்: படலாம். ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். காலையில் தண்ணீர் டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் தளும்புகிறதா? ஒரு வாய் மது குடித்ததும் நடுக்கம் அடங்குகிறதா? அப்படியானால் உடம்பு பழகிவிட்டது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது. உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுத்து இதைத் தடுக்க முடியும். எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: விருந்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் காபி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், புரையேறிவிடும். காபியும் குளியலும் போதையை இறக்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். உலுக்கியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்தது அப்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.