ஸ்ரீரங்கத்தில் பழைய வீடு வாங்கலாமா? வெள்ளத்தைவிட ஓதத்துக்குப் பயப்படுங்கள்

சென்னையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். நானும் மனைவியும் 84 வயதான அம்மாவும் ஸ்ரீரங்கத்தில் போய்த் தங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். மேலச் சித்திரை வீதியில் எண்பது, தொண்ணூறு வருடத்துப் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அம்மா மண்டபம் பக்கம் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட்டும் பார்த்தோம். இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊராயிற்றே, வெள்ளம் வந்தால் என்ன செய்வது? பழைய வீட்டை நம்பி வாங்கலாமா?"

ஐயா, இந்தத் தீவில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. இதே கேள்வியோடு வருகிற எல்லோரும் முதலில் வெள்ளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் வீட்டைக் கெடுப்பது ஆண்டுக்கு ஒருமுறை பயமுறுத்திவிட்டுப் போகிற வெள்ளம் இல்லை, வருடம் முழுக்கச் சத்தமில்லாமல் தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம், அதாவது ஓதம். அதையும் தாண்டி ஒன்று உண்டு, அடிமனை யாருடையது என்ற கேள்வி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரியாமல் மற்றது எதைப் பேசியும் பயனில்லை.

ஸ்ரீரங்கத்தில் வீடு ஒருவர் பெயரிலும் வீடு நிற்கிற மனை கோயில் பெயரிலும் இருப்பதாகச் சொல்லப்படும் இடங்கள் நிறைய உண்டு. இங்கே அதற்கு அடிமனைப் பிரச்சினை என்றே பெயர், நீதிமன்றம் வரை போன விவகாரம். கோயில் நிலம் என்று குறிக்கப்பட்ட சர்வே எண்ணில் விற்பனைப் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சார்பதிவாளருக்குப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, தரகர் வார்த்தையை நம்பாமல், நீங்களே சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய் இந்த எண்ணில் கிரயம் பதிய முடியுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தாய்ப் பத்திரம், குறைந்தது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். பழைய வீடுகளில் வாரிசுகள் நாலைந்து ஊரில் இருப்பார்கள், ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் பின்னால் தலைவலி. பதிவு ஆகாது என்று தெரிந்தால் "பவர் எழுதிக்கலாம், ஒப்பந்தம் போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சே வேண்டாம். ஓய்வூதியப் பணம் முழுவதையும் அப்படி ஒரு காகிதத்தில் போட்டுவிட்டுத் தூக்கமில்லாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இனி வெள்ளம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நாம். வெள்ளக் காலத்தில் உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில்தான் திருப்பி விடுவார்கள், பாசனத்துக்கான ஆறு காவிரி, வெள்ளத்தைச் சுமக்கும் ஆறு கொள்ளிடம். 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து விழுந்தனவே, அந்த ஆண்டு கொள்ளிடத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அவ்வளவு தண்ணீர் ஓடிய அந்த ஆண்டிலும், 2005 வெள்ளத்திலும், மதிலுக்குள் இருக்கும் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்து நான் பார்க்கவில்லை. தண்ணீர் ஏறியதெல்லாம் கரையோரத் தாழ்வான பகுதிகளில். அம்மா மண்டபத்தை ஒட்டிய கீதாபுரம் பக்கமும் கொள்ளிடக் கரையில் பஞ்சக்கரைப் பக்கமும் ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் பயந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே உங்கள் இரண்டு வீட்டில் வெள்ளத்துக்கு யோசிக்க வேண்டியது ஃபிளாட்தான். அதுவும் எந்த மாடி என்பதைவிட, கீழே மின்சார மீட்டரும் தண்ணீர் சம்ப்பும் மோட்டாரும் எங்கே இருக்கின்றன என்பதைப் பாருங்கள். பக்கத்துப் பழைய வீடுகளில் மீட்டரை எவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள், அந்தத் தெருக்காரர்கள் எந்த அளவுத் தண்ணீரைப் பார்த்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், பால் போடுகிறவரிடம் கேளுங்கள். வீடு விற்கிறவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். மேட்டூரில் லட்சம் கன அடிக்கு மேல் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் இங்கே தண்ணீர் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் கரையோரத்தில் குடியிருந்தாலும் சாமான்களை மேலே ஏற்றப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும்.

இப்போது ஓதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தீவில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திருவானைக்காவல் போய் ஜம்புகேஸ்வரர் சன்னதியில் நின்று பாருங்கள். கருவறையிலேயே நீர் ஊறுகிறது, அதனால்தான் அது பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய தலம். உங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறும் அப்படித்தான், ஆற்றில் தண்ணீர் விட்ட சில வாரத்தில் மட்டம் ஏறிவிடும். செங்கல் சுவர் அந்த ஈரத்தைத் திரி மாதிரி மேலே இழுக்கும். பழைய கொத்தனார்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் சுவரைச் சுண்ணாம்புக் காரையில் கட்டி, சுண்ணாம்பே பூசி, வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பே அடித்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் நனையும், காயும், அவ்வளவுதான்.

கெடுதல் எங்கே ஆரம்பித்தது என்றால், முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் சுவர் உதிர்கிறது என்று இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசி, அதன் மேல் டைல்ஸ் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார்களே, அங்கே. தெற்கு உத்திர வீதியில் ஒரு வீடு. கூடத்துச் சுவரில் இடுப்பு வரைக்கும் பளபளவென்று டைல்ஸ், அதற்கு மேலே இரண்டடிக்குப் பெயின்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உளி வைத்து ஒரு டைல்ஸைப் பெயர்த்தேன். பின்னால் சிமென்ட் பூச்சு மட்டும் பாறை மாதிரி நின்றது, அதற்கும் பின்னால் இருந்த செங்கல் கை வைத்தால் ஈரச் செம்மண்ணாக உதிர்ந்து வந்தது. வெளியே போக வழியில்லாத ஈரம் மேலேயும் உள்ளேயும்தானே போகும்? அந்தச் சுவரில் ஓதக் கோட்டுக்கு மேலே ஒரு அடி வரைக்கும் சிமென்ட் முழுவதையும் எடுத்து, மாசியிலிருந்து வைகாசி வரை அப்படியே காயவிட்டு, உப்பைத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து எடுத்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டுப் பூசினோம். சுண்ணாம்பை இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், அவசரப்பட்டால் பின்னால் பொரி பொரியாக வெடிக்கும். அந்தச் சுவர் இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. அந்த வீட்டம்மா வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் மறக்காமல் சுண்ணாம்பு அடிக்கிறார்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது புதுப் பெயின்ட் வாசனை வந்தால் சந்தோஷப்படாதீர்கள். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு விட்டிருக்கிறது. பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி அதன் பின்சுவரைப் பாருங்கள். வடக்குச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், பக்கத்து வீட்டோடு பங்கிட்டுக்கொள்கிற பொதுச் சுவர் மூன்றையும் விடாதீர்கள். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டார் குளியலறை கட்டியிருந்தால் உங்கள் பக்கம் நீங்கள் என்ன செய்தாலும் ஈரம் நிற்காது, அவர்களோடு முதலில் பேசிவிட வேண்டும்.

அடுத்தது தலைக்கு மேலே. அந்தக் கால வீடு என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும், தேக்கு உத்தரக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மாடி. அதில் கெடுவது நடுப்பகுதி இல்லை, கட்டையின் முனை சுவருக்குள் போகிற இடம். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு முனையிலும் குத்திப் பாருங்கள், உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் கரையானோ மக்கலோ இருக்கிறது. ஒன்றிரண்டு கட்டை என்றால் மாற்றலாம், பயப்பட ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் அப்படி என்றால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். அப்புறம், ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது ஒரு டன் எடை. அதை மாடி நடுவில் வைக்கிறார்கள்! சுவருக்கு நேர் மேலே, இரண்டு சுவர் சேர்கிற மூலையில்தான் வைக்க வேண்டும்.

முற்றத்தை மூடாதீர்கள். மழை வருகிறது, குரங்கு வருகிறது என்று ஷீட் போட்டு அடைத்துவிட்டால் அந்த வீட்டின் மூச்சே நின்றுவிடும், ஓதம் இரண்டு மடங்காகும். கம்பி வலை போடுங்கள், போதும்.

வாங்கியபின் இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயர்த்திக் கட்ட அனுமதி இல்லை. இந்த விதி எனக்குப் பிடித்த விதி. 236 அடி ராஜகோபுரம் 1987-ல்தான் கட்டி முடிந்தது, நீங்கள் பார்த்த வீடு அதைவிட மூத்தது. அதை இடிக்காமல் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே ரங்கநாதர் கோயிலிலேயே பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியதையெல்லாம் அகற்றிப் பழைய முறையில் புனரமைத்ததற்குத்தான் 2017-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. அந்த வீடுகளில் திண்ணைக்கு மூன்று படி, வாசல் நடையான ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு படி, முற்றத்துக்கு ஒரு இறக்கம், கழிப்பறை கொல்லையில். 84 வயதில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவ்வளவு தூரம் நடக்க வைக்காதீர்கள். ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள அறையோடு ஒட்டி ஒரு கழிப்பறை கட்டிவிடலாம், ஆனால் கழிவுக் குழாயைப் பொதுச் சுவருக்குள் புதைக்க வேண்டாம். தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, பழைய செப்டிக் தொட்டி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

தேர் நாளும் ஏகாதசியும் உங்களுக்குச் சந்தோஷமான நாட்கள், சந்தேகமில்லை. சித்திரைத் தேர் உங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஆனால் அன்றைக்கு வீதிக்குள் ஆட்டோகூட வராது, வைகுண்ட ஏகாதசியின்போது பல நாள் நெருக்கடி. வீட்டுக்குப் பின்பக்கம் சந்து வழி இருக்கிறதா, அதில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரிலேயே அரசு மருத்துவமனை உண்டு, பெரிய சிகிச்சை என்றால் ஆற்றைத் தாண்ட வேண்டும். 2022-ல் தொடங்கிச் சில மாதம் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்கு மூடியபோது கார்கள் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மருந்து மாத்திரை ஒரு மாதத்துக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, எது நல்லது என்று கேட்டீர்கள். ஆறு பார்க்க ஃபிளாட் வேண்டியதில்லை. மேலச் சித்திரை வீதியிலிருந்து அம்மா மண்டபத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆடி 28-ல் உற்சவர் நம்பெருமாள் காவிரிக்குச் சீர் கொண்டுபோகும்போது அம்மாவை அழைத்துப் போய் உட்கார வைக்கலாம். பத்திரம் சுத்தமாக இருந்தால் நான் பழைய வீட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் உடனே வாங்காதீர்கள். அதே வீதியிலோ உத்திர வீதியிலோ ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள், ஆடியில் வந்தால் ஆறும் மழையும் திருவிழாவும் ஒரு சுற்று தெரிந்துவிடும். விலை பேசி வைத்த அந்த வீட்டை ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், சொல்லாமல் போய் ஒரு தடவை பாருங்கள். முற்றத்துத் தண்ணீர் வடிந்திருக்கிறதா, கூடத்துச் சுவரின் அடியில் புதிதாகக் கருமை ஏறியிருக்கிறதா, ரேழியில் கால் வைத்தால் தரை பிசுபிசுக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சுவரை வந்து பார்த்துச் சொல்கிறேன்.