221 ஏன் பகா எண் இல்லை?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். '6 ஆல் வகுத்து மீதி 1 அல்லது 5 வந்தால் பகா எண்' என்று கோச்சிங்கில் காசுக்கு வாங்கிய ஷார்ட்கட் நோட்டில் இருக்கிறது. 221-க்கு மீதி 5 வருகிறது. ஆனால் மாதிரித் தேர்வில் தப்பு என்கிறார்கள். எது சரி?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நோட்டுதான் தப்பு. 13 × 17 = 221.

3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணும் 6 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 5 தரும் என்பது உண்மை. அதைத் தலைகீழாகத் திருப்பி விற்றிருக்கிறார்கள். 25, 35, 49, 91 எல்லாவற்றுக்கும் அதே மீதிதான், ஒன்றுகூடப் பகா எண் இல்லை. வினாத்தாள் எடுப்பவருக்கும் இந்த ஷார்ட்கட் தெரியும். 119, 133, 143, 187, 209, 247 போன்றவை இப்படிச் சிக்க வைக்கும் எண்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? 15 × 15 = 225; 221 அதைவிடச் சின்னது. எனவே 221 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அதில் ஒன்றாவது 15-க்குள் இருந்தே ஆக வேண்டும். 15-க்குள் உள்ள பகா எண்களான 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். 13-ல் மாட்டிக்கொள்ளும். எங்கே நிறுத்தலாம், ஏன் நிறுத்தலாம் என்ற இந்த ஒரு விஷயத்தைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் நீங்கள் நோட்டுக்குக் காசு கொடுத்திருக்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் 100 வரை பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுகிறோம்!

அப்புறம் 1. அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும்; 1-க்கு ஒன்றே ஒன்று. 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3, வேறு வழி கிடையாது. 1-ஐயும் சேர்த்தால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதலாம். அந்த ஒரே வழி என்பது போய்விடும். 1742-ல் கணித மேதை ஆய்லருக்கு இன்னொரு கணிதவியலாளரான கோல்ட்பாக் எழுதிய கடிதத்தில்கூட 1 பகா எண்ணாகத்தான் இருந்தது. இன்று அப்படி எழுதினால் மதிப்பெண் போகும்.

திறனறிவுப் பகுதியில் 25 கேள்விகள்தான். அதற்கென்று தனி 'பேக்கேஜ்' விற்கும் ஏஜென்ட்களிடம் போகாதீர்கள். பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு எப்போது என்று கேளுங்கள். 2 முதல் 19 வரையுள்ள எட்டுப் பகா எண்களால் வகுக்கப் பழகிக்கொண்டால், 529-க்குக் கீழே (அடுத்த பகா எண் 23; 23 × 23 = 529) எந்த எண் வந்தாலும் நீங்களே சொல்லிவிடலாம்.